ஸ்கேனரின் பேக்கப் பேட்டரி: மாற்றுவதா, அப்படியே விடுவதா, புதிதாகவே வாங்கிவிடுவதா?

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் மொத்த வியாபாரக் கடைகளிலும் மருந்து குடோன்களிலும் துப்பாக்கிப் பிடியும் சின்னத் திரையும் எண் பொத்தான்களும் வைத்த பழைய பார்கோடு ஸ்கேனர்கள் இன்னும் நிறைய ஓடிக்கொண்டிருக்கின்றன. கை தவறி விழுந்தாலும் உடையாது, அரிசி மூட்டைத் தூசிக்கும் அசராது, கடைப் பையன்களுக்கும் பழகிப்போன சாமான். இவற்றில் பலவற்றுக்கு இப்போது ஒரே வியாதி வந்திருக்கிறது. மெயின் பேட்டரியைக் கழற்றி வேறொன்று போட்டால் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கிறது, அல்லது பாதி எண்ணிவைத்த ஸ்டாக் காணாமல் போகிறது. மெயின் பேட்டரி போன மாதம்தான் வாங்கியிருப்பார்கள். அதில் குற்றமே இல்லை. செத்திருப்பது உள்ளே போர்டோடு ஒட்டிக் கிடக்கும் பேக்கப் பேட்டரி.

இதற்கு என்ன செய்வது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். "அதை விட்டுத் தள்ளுங்க" என்கிறார் ஒருவர், "கடிகாரக் கடையில் ஒரு வட்ட பேட்டரி வாங்கிப் போட்டால் தீர்ந்தது" என்கிறார் இன்னொருவர், விற்பனைப் பிரதிநிதி வந்தால் புது ஆண்ட்ராய்டு மாடலின் விலைப்பட்டியலை நீட்டுகிறார். நான் இந்தப் பகுதிக் கடைகளின் பில்லிங் கம்ப்யூட்டரையும் ஸ்கேனரையும் பார்த்துக்கொள்கிற வேலையில் இருக்கிறேன், அதனால் எல்லா வழிகளின் பலனையும் பக்கத்தில் இருந்து பார்க்க முடிகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மெயின் பேட்டரியைக் கழற்றும்போது உங்கள் கடையில் எது தொலைகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். அது தெரிந்துவிட்டால் பாதிப் பேருக்குச் செலவே இல்லை, மீதிப் பேரில் பெரும்பாலோருக்குச் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும்.

பேக்கப் பேட்டரிக்கு இருப்பது ஒரே ஒரு வேலை. மெயின் பேட்டரி வெளியே இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம் கடிகாரத்தையும் தற்காலிக நினைவகத்தையும் உயிரோடு வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்கேன் செய்வதற்கும் திரைக்கும் வைஃபைக்கும் அதிலிருந்து மின்சாரம் போவதில்லை. ஆனால் அந்த ஒரு வேலையின் முக்கியத்துவம் மாடலைப் பொறுத்து ரொம்பவே மாறுகிறது. மைக்ரோசாஃப்டின் கையடக்க இயங்குதளமான பாக்கெட் பிசி 2003 காலத்து இயந்திரங்களில் போட்ட மென்பொருள், எண்ணிய கணக்கு எல்லாமே ராம் நினைவகத்தில்தான் இருந்தன, மின்சாரம் போனால் எல்லாம் போச்சு. 2005-இல் வந்த விண்டோஸ் மொபைல் 5-இலிருந்து கோப்புகள் மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்துக்குப் போய்விட்டன. அப்புறம் வந்தவற்றில் மின்சாரம் போனால் தொலைவது கடிகாரமும், அந்த நேரத்தில் திறந்திருந்து சேமிக்கப்படாத வேலையும்தான். ஆக உங்கள் கையில் இருப்பது எந்தக் காலத்து மாடல் என்பதே பாதி பதில்.

மீதி பதிலுக்கு ஒரு சோதனை செய்துபாருங்கள். முதலில் ஸ்கேனரில் இருக்கும் கணக்கு முழுவதையும் கம்ப்யூட்டருக்கு ஏற்றிவிடுங்கள், இதை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. அப்புறம் சும்மா ஒரு புதுப் பட்டியல் திறந்து நான்கைந்து பொருளை ஸ்கேன் செய்து, மூடாமல், மெயின் பேட்டரியைக் கழற்றி இரண்டு மூன்று நிமிடம் வெளியே வைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். பட்டியல் அப்படியே இருந்தால் பேக்கப் நன்றாக இருக்கிறது, தகராறு வேறு எங்கோ. பட்டியல் போய், தேதி மட்டும் சரியாக இருந்தால் பேக்கப் பலவீனமாக இருக்கிறது. இரண்டுமே போய்விட்டால் அது செத்துவிட்டது.

தேதி போனால் என்ன, திரும்ப வைத்துக்கொண்டால் ஆயிற்று என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தேதி தவறினால் காலாவதி சோதனை தவறும். மருந்து குடோனில் இதைவிடப் பெரிய ஆபத்து கிடையாது. ஸ்டாக் பதிவு தப்பான நாளில் போய் உட்காரும், மார்ச் 31 கணக்கு முடிக்கும்போது அதைத் தேடி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: பாதுகாப்பான இணைய வழியில் சர்வரோடு பேசும் மென்பொருளாக இருந்தால், ஸ்கேனரில் தேதி பழையதாக இருக்கும்போது சர்வரின் சான்றிதழ் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று கணக்காகி இணைப்பே மறுக்கப்படும். வைஃபை கோடு முழுசாக இருக்கும், ஆனால் எதுவும் ஏறாது. வைஃபை ஆளைக் கூப்பிட்டு ரவுட்டரை மாற்றிப் பார்த்து, கடைசியில் தேதியைத் திருத்தியதும் சரியான கதைகள் உண்டு.

சரி, இனி வழிகளைப் பார்ப்போம்.

முதல் வழி, அப்படியே விட்டுவிடுவது. இதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம், சில கடைகளுக்கு இதுவே சரியான பதில். பள்ளத்தூரில் தேன்குழலும் மணகோலமும் சீப்பு சீடையும் செய்து பெட்டி போட்டு அனுப்பும் ஒரு ஆச்சி, "ஏம்ப்பா தம்பி, புது பாட்டரி வாங்கிப் போட்டும் இது பழைய தேதியையே காட்டுதே" என்று கேட்டார். பார்த்தால், அங்கே வேலை செய்யும் பெண் தினமும் இரவு பேட்டரியைத் தனியே கழற்றிச் சார்ஜரின் பின்பக்கக் குழியில் போட்டுவிட்டு, ஸ்கேனரை வெறுமனே அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தாள். கூடுதல் பேட்டரிக்கான குழி அது. பேட்டரியோடு சேர்த்து ஸ்கேனரையே தொட்டிலில், அதாவது ஸ்கேனரை நிறுத்திச் சார்ஜ் செய்யும் தாங்கியில், நிறுத்தச் சொன்னேன், "அட, இவ்வளவுதானா" என்றார். பகலில் அவர்கள் பேட்டரி மாற்றுவதே இல்லை, ஒரு சார்ஜ் சாயங்காலம் வரை வருகிறது. அவர்களுக்கு பேக்கப் பேட்டரி இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். ஆகவே நாள் நடுவில் பேட்டரி மாற்றாத கடை, இரவில் முழு ஸ்கேனரையும் சார்ஜில் வைக்கிற கடை, 2005-க்குப் பிந்தைய மாடல், இந்த மூன்றும் பொருந்தினால் விட்டுவிடலாம். ஒரே நிபந்தனை, மெயின் பேட்டரியை அடிமட்டம் வரை காலியாக விடக்கூடாது.

இரண்டாவது வழியும் செலவில்லாததுதான்: செத்ததாகத் தெரியும் பேக்கப்புக்கு ஒரு வாய்ப்பு கொடுத்துப் பார்ப்பது. அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த ஸ்கேனரை எடுத்து இரண்டு மணி நேரம் சார்ஜ் செய்து, மெயின் பேட்டரி நிறைந்துவிட்டது, பேக்கப் மட்டும் நிற்கவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பேக்கப்புக்கு வேண்டுமென்றே மிக மெதுவாகத்தான் சார்ஜ் கொடுப்பார்கள். இந்த வகையில் பரவலாக வரும் 15 மில்லி ஆம்பியர் மணி (செல் எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்ற அளவு) செல்லுக்கு அரை மில்லி ஆம்பியர் வீதம் போகிறது என்று வைத்துக்கொண்டால்கூட நிறைய 30 மணி நேரத்துக்குக் குறையாது. அதனால் சனிக்கிழமை இரவு தொட்டிலில் வைத்து திங்கள் காலை வரை எடுக்காமல் விட்டு, அப்புறம் சோதித்துப் பாருங்கள். பிழைத்தால் லாபம். பிழைக்காவிட்டால் கரண்ட் செலவு என்று சொல்லும்படியாகக்கூட எதுவும் ஆகாது.

பிழைக்காதவற்றை மாற்றத்தான் வேண்டும், அங்கேதான் எந்த செல் என்ற கேள்வி வருகிறது. கடைகளில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நடக்கின்றன, அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

பழைய கையடக்க ஸ்கேனர்களில் பெரும்பாலும் இருப்பது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பொத்தான் செல்கள். ஒரு செல்லுக்கு 1.2 வோல்ட். இரண்டை அடுக்கி 2.4, மூன்றை அடுக்கி 3.6 வோல்ட் ஆக்கி, நீல அல்லது பச்சை நெகிழிச் சட்டை போட்டு, இரண்டு ஒயரோடு சின்ன கனெக்டரில் முடித்திருப்பார்கள். வேறு சில மாடல்களில் எம்எல் அல்லது விஎல் என்று தொடங்கும் எண் கொண்ட ரீசார்ஜ் லித்தியம் நாணய செல் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். பார்வைக்கு எம்எல்2032-உம், எல்லாக் கடையிலும் கிடைக்கும் சிஆர்2032-உம் ஒரே வட்டம், ஒரே கனம், இரண்டிலும் 3 வோல்ட் என்றே எழுதியிருக்கும். ஆனால் சிஆர் ரீசார்ஜ் ஆகக்கூடிய செல் அல்ல. ஸ்கேனரோ உள்ளே இருப்பது எது என்று பார்க்காமல் சார்ஜை அனுப்பிக்கொண்டே இருக்கும். விளைவு கசிவு, வீக்கம், மோசமானால் வெடிப்பு. கடிகாரக் கடை யோசனையை ஒதுக்கச் சொல்வது இதனால்தான். கூடவே ஒரு டையோடு போட்டுச் சார்ஜைத் தடுத்துவிட்டால் சிஆர் போடலாம் என்பார்கள். கடிகாரம் மட்டும் ஓடினால் போதும் என்கிற மாடலில் அது ஒப்பேறும். ராமைத் தாங்க வேண்டிய மாடலில் சில மில்லி ஆம்பியர் இழுவைக்கு அந்த நாணய செல் திணறும், டையோடு தின்றது போக வோல்டேஜும் குறையும், தீர்ந்தால் மறுபடி ஸ்கேனரைப் பிரிக்க வேண்டும்.

எல்ஐஆர்2032 ரீசார்ஜ் ஆகுமே, அதைப் போடலாமா என்றால் அதுவும் வேண்டாம். அது லித்தியம் அயான், முழு சார்ஜுக்கு 4.2 வோல்ட் வரை போகும். எம்எல் செல்லுக்கான சுற்று 3 வோல்ட்டை ஒட்டியே நின்றுவிடும், ஆக எல்ஐஆர் எப்போதும் கிட்டத்தட்ட காலியாகவே கிடக்கும். நேர்மாறாக, வெளியே முழுசாக சார்ஜ் செய்துகொண்டு வந்து போட்டால் 3 வோல்ட் எதிர்பார்க்கும் சிப்புக்கு 4.2 போகும். நம்ம காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியில் படித்த பையன் ஒருவனிடம் இதைக் கேட்டபோது அவன் சொன்னது எனக்கு நன்றாகப் பதிந்துவிட்டது: வோல்டேஜ் ஒத்துப்போனால் போதாதுண்ணே, வேதியியலும் ஒத்துப்போகணும், ஏன்னா சார்ஜ் பண்ற சுற்றை அந்த வேதியியலுக்காகத்தான் கட்டியிருக்காங்க. 1948-இல் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் அடிக்கல் நாட்டி 1953-இல் திறந்த மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற ஊர் இது. கல்லூரிச் சாலையில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

எனவே நான் சொல்வது, இருந்தது நிக்கல் என்றால் நிக்கல், அதே செல் எண்ணிக்கை, அதே வோல்ட். மில்லி ஆம்பியர் மணி மட்டும் கூடலாம். 15-க்குப் பதில் 40 கிடைத்து, இடமும் பற்றினால் தாராளமாகப் போடலாம், அதிக நேரம் தாங்கும். ஆனால் அதே மெதுவான சார்ஜில் அது நிறைய இரண்டு மடங்குக்கு மேல் நேரம் பிடிக்கும், பெரும்பாலும் மூடியும் மூடாது. மூடியை அழுத்தித் திருகுவது கூடாது, செல் நசுங்கினால் போர்டும் சேர்ந்து போகும்.

செல்லுக்குப் பதில், மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் தேக்கி வைக்கும் சூப்பர் கெப்பாசிட்டர் போடலாமே, அதற்கு ஆயுள் அதிகம் ஆயிற்றே என்று எலக்ட்ரானிக்ஸ் ஆர்வமுள்ளவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி, கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 1 ஃபாரட் கெப்பாசிட்டர் 4 வோல்ட்டிலிருந்து 2.5 வோல்ட்டுக்கு இறங்கும்வரை பயன்படும் என்று வைப்போம், அதாவது 1.5 கூலும் மின்னூட்டம். ராம் 3 மில்லி ஆம்பியர் இழுத்தால் 500 விநாடி, எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல். அதே இழுவைக்கு 15 மில்லி ஆம்பியர் மணி செல் ஐந்து மணி நேரம் தாங்கும். பேட்டரி மாற்ற ஒரு நிமிடம் போதும் என்பதால் எட்டு நிமிடமும் போதுமானதுதான், ஆனால் மெயின் பேட்டரி தீர்ந்த ஸ்கேனரை மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது அப்படியே மேசையில் வைத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது ஒன்றும் இருக்காது. கடிகாரம் மட்டும் இழுக்கிற மாடலில் கதை மாறும். 5 மைக்ரோ ஆம்பியர்தான் இழுவை என்றால் கணக்குப்படி மூன்று நாளுக்கு மேல் வரும், உள்கசிவில் கொஞ்சம் குறையும். தவிர, காலியான கெப்பாசிட்டர் முதல் தடவை சட்டென்று நிறைய மின்சாரத்தை உறிஞ்சும், அதைக் கட்டுப்படுத்த ஒரு மின்தடை (ரெசிஸ்டர்) போட வேண்டும். சுற்று வரைபடம் பார்க்கத் தெரிந்த ஆள் கையில் இருந்தால் செய்யலாம். கடை ஓட வேண்டும் என்று நினைப்பவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது யார் மாற்றுவது. சென்னைக்கோ மதுரைக்கோ சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினால் நல்லது என்னவென்றால், தூசியும் தண்ணீரும் புகாமல் இருக்கப் போட்ட ரப்பர் வளையத்தையும் சேர்த்து மாற்றித் தருவார்கள், திரும்ப வரும்போது பழைய உறுதியோடு வரும். கெட்டது நாட்கள். ஒரே ஸ்கேனரை வைத்துக்கொண்டிருக்கும் கடைக்கு அது கட்டுபடியாகாது, அதுவும் தீபாவளிக்கு முன்னால். போர்டையே மாற்ற வேண்டும் என்று மதிப்பீடு அனுப்பி, உள்ளே பார்த்தால் செல் மட்டுமே போயிருந்த சம்பவமும் எனக்குத் தெரியும். அனுப்பினால், சோதனையில் நீங்கள் கண்டதை ஒரு தாளில் எழுதி வைத்து அனுப்புங்கள்.

நல்ல செல்போன் ரிப்பேர் ஆள் இருந்தால் உள்ளூரிலேயே முடியும், பெரும்பாலான கடைகளுக்கு என் ஓட்டு இதற்குத்தான். எல்லா ஊரிலும் மைக்ராஸ்கோப் வைத்து வேலை செய்பவர்கள் இப்போது இருக்கிறார்கள், ஸ்கேனர் போர்டு அவர்களுக்குப் பெரிய விஷயமில்லை. ஆனால் சில விஷயங்களைச் சொல்லிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வேலை கெடும். திருகுகள் நட்சத்திரத் தலை கொண்டவை, சாதாரண திருப்புளியை வைத்து முறுக்கினால் தலை வழுக்கி நாசமாகும். இரண்டு பாதியையும் சட்டென்று பிரித்துவிடக் கூடாது, நடுவில் காகிதம் போன்ற மெல்லிய பட்டைக் கேபிள் ஓடும், அதன் பூட்டைத் தூக்கிவிட்டுத்தான் இழுக்க வேண்டும். பழைய செல் கசிந்திருந்தால் கனெக்டரைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருக்கும். அது காரம், அதனால் பஞ்சுக் குச்சியில் துளி வினிகர் தொட்டுத் துடைத்து, அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்து, நன்றாகக் காய விட வேண்டும். இதைச் செய்யாமல் புது செல்லை மாட்டினால் அந்தக் காரம் செம்பைத் தின்றுகொண்டே இருக்கும்.

புது செல் ஒயரும் கனெக்டரும் சேர்ந்தே வந்தால் நல்லது, ஆனால் சிவப்பு ஒயர் பாசிட்டிவ் என்று நம்பி மாட்டிவிடாதீர்கள், வேறு மாடலுக்காகச் செய்த செல்லில் கனெக்டர் மாறி இருக்கலாம். மல்டிமீட்டர் வைத்துப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே மாட்ட வேண்டும். தகட்டுக் கால் இல்லாத வெறும் செல் கிடைத்தால் வாங்க வேண்டாம். செல்லின் மேலேயே நேராக ஈயம் வைத்தால் அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் அடைப்பு உருகி, சில மாதத்தில் கசியத் தொடங்கும். வாங்கும்போதே அளந்து பாருங்கள். மூன்று செல் அடுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் கடையில் நெடுநாள் தூங்கிய சரக்கு, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

புது ஸ்கேனர் வாங்குவது பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சில நூறு ரூபாய் செல்லுக்காகப் பல பத்தாயிரம் செலவழிப்பது வீண் என்பது உண்மைதான், ஆனால் பேட்டரி அல்லாத காரணத்துக்காக மாற்ற வேண்டிய காலம் சிலருக்கு வந்துவிட்டது. இந்த வகை ஸ்கேனர்கள் பலவற்றில் ஓடும் இயங்குதளமான விண்டோஸ் எம்பெடட் ஹேண்ட்ஹெல்டு 6.5-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டது. உங்கள் பில்லிங் மென்பொருள் இணையச் சர்வருக்கு மாறி, புதிய பாதுகாப்பு முறையை மட்டுமே ஏற்றுக்கொள்ளும் என்றால் பழைய ஸ்கேனர் அதோடு பேசவே முடியாமல் போகலாம். அதற்கு எந்த செல்லும் மருந்து ஆகாது. மென்பொருள்காரரிடம் இதை முதலில் கேட்டுவிட்டு அப்புறம் செல் வாங்குங்கள். உள்ளூர் கம்ப்யூட்டருக்குக் கோப்பாக ஏற்றுகிற பழைய முறையிலேயே இருந்தால் கவலை இல்லை, இன்னும் சில வருடம் ஓட்டலாம். புதிது வாங்கும் முடிவுக்கு வந்தால், பேட்டரி மாற்றும்போது அணையாமல் இருக்குமா, எவ்வளவு நேரம் என்று கேட்டு வாங்குங்கள், எல்லா ஆண்ட்ராய்டு மாடலிலும் அந்த வசதி கிடையாது. கல்லாவில் பில் போட மட்டுமே ஸ்கேனர் வேண்டும் என்றால், யூஎஸ்பி ஒயர் வைத்தது போதும், அதில் பேட்டரி என்ற பேச்சே இல்லை. செல்போன் கேமரா ஸ்கேன், கண்டாங்கிச் சேலைக் கடை மாதிரி உருப்படி குறைவாக இருக்கிற இடத்துக்குச் சரி. ஆயிரக்கணக்கில் எண்ணும் குடோனில் கை வலியும் நேரமும்தான் மிச்சம்.

மாற்றிய செல் எவ்வளவு நாள் வரும் என்றால், நான்கைந்து வருடம் எதிர்பார்க்கலாம், சூடு அதைக் குறைக்கும். லைனுக்குப் போகும் வேனில், கத்திரி வெயிலில், கண்ணாடிக்கு முன்னால் ஸ்கேனரை வைத்துவிட்டுப் போகும் பழக்கம் நம் பக்கம் நிறைய இருக்கிறது. நிக்கல் செல்லை அதைவிட வேகமாகக் கொல்ல வழி கிடையாது. சீசன் முடிந்து எடுத்து வைப்பதென்றாலும் மாதம் ஒருமுறை ஒன்றிரண்டு நாள் தொட்டிலில் நிறுத்த வேண்டும், சும்மா கிடந்தாலே அந்த செல் தானாகக் கரைந்துகொண்டிருக்கும்.

ஒரே மாடல் நான்கைந்து வைத்திருக்கும் குடோன்காரர்கள் ஒன்று செத்தவுடன் எல்லாவற்றிலும் மாற்றிவிடுங்கள், ஒரே சமயத்தில் வாங்கியவை என்பதால் மற்றவையும் அதே வயதுதான், கசிந்து போர்டைத் தின்பதற்கு முன்னால் எடுத்துவிட்டதாகவும் இருக்கும். கழற்றிய செல்களைக் குப்பையில் போடாமல் ஒவ்வொன்றின் முனையிலும் டேப் ஒட்டி ஒரு டப்பாவில் சேர்த்து, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். அப்புறம், மாற்றிய மாதம், வருடம், செல்லின் வோல்ட், மில்லி ஆம்பியர் மணி எல்லாவற்றையும் ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி மெயின் பேட்டரி குழிக்குள் ஒட்டிவிடச் சொல்லுங்கள், அடுத்த தடவை திறக்கிறவருக்கு அது தேவைப்படும்.